உள்ளங்காலைப் பார்த்த வருடம்

அறுபது வயது வரைக்கும் நான் என் உள்ளங்காலைப் பார்த்ததில்லை. இதைச் சொன்னால் எல்லாரும் சிரிக்கிறார்கள். "நீங்க கடைசியா எப்போ பாத்தீங்க?" என்று திருப்பிக் கேட்டால் சிரிப்பு கொஞ்சம் அடங்கும். முகத்தைத் தினமும் கண்ணாடியில் பார்க்கிறோம். முடி எவ்வளவு மிச்சம் என்று தலையைத் தடவிப் பார்க்கிறோம். தொப்பையைப் பார்க்க நமக்கு விருப்பம் இல்லாவிட்டாலும் அது முந்திக்கொண்டு வந்து நிற்கிறது. உள்ளங்காலுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது. நம்மைச் சுமந்துகொண்டு கீழே கிடக்கிறது, அவ்வளவுதான்.

நான் பிறந்தது பெக்கோக் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில். அங்கே உடம்பு என்பது விடிவதற்குள் எழுந்து வேலைக்குப் போகிற ஒன்று. அதை யாரும் பாராட்டியதும் இல்லை, விசாரித்ததும் இல்லை. பிறகு செனாயில் ஒரு தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் பிரிவில் சேர்ந்தேன். அங்கேயே தலை நரைத்தது. இயந்திரங்களை மட்டும் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொண்டேன். எதற்கு எப்போது கிரீஸ் வைக்க வேண்டும், எது இருமுகிறது, எது முனகுகிறது என்பதெல்லாம் தூரத்திலிருந்தே தெரியும். சத்தம் மாறிய பிறகும் ஓட்டுகிற பையன்களைப் பிடித்து, "மெஷின் என்னடா உன் மாமியாரா, கத்தட்டும்னு விடுறதுக்கு?" என்று கத்துவேன். அதே நான், முட்டி வலித்தால் நடையை வேகமாக்குவேன். "உடம்புக்கு முடியலையா அண்ணே?" என்று யாராவது கேட்டால் திட்டிவிட்ட மாதிரி கோபம் வரும்.

இப்படிப்பட்ட ஆளுக்கு இனிப்பு நீர் வந்தது. சர்க்கரை நோயை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். கேட்பதற்கு ஏதோ பானம் மாதிரி இருக்கும். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் வயதுக்காரர்கள் எல்லாருக்கும் இருந்தது. மாமாக் கடையில், அதுதான் தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் தேநீர்க் கடையில், எங்கள் மேசையில் இனிப்பு நீர் இல்லாதவன்தான் பேச்சில் கலந்துகொள்ள முடியாமல் உட்கார்ந்திருப்பான். மாத்திரையை முதலில் போட்டுக்கொண்டு அப்புறம் சீனி தூக்கலான பால் டீயான தே தாரிக் குடித்தால் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும் என்பது எங்கள் மேசையின் வைத்தியம்.

தீமிதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் வட்டாரத்து மாரியம்மன் கோயிலில் வருடா வருடம் நடக்கும். கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் இறங்குகிறவன். அதைப் பூக்குழி என்றுதான் சொல்ல வேண்டும், நெருப்பு என்று சொல்லக்கூடாது. ஆனால் அந்தப் பூ என்ன சூடு என்று கால் வைத்தவனுக்குத்தான் தெரியும். இளம் வயதில் நான் போனதை நடை என்று சொல்ல முடியாது. வாய் "ஓம் சக்தி" என்று கத்தும், கால் தாவித் தாவி ஓடும், கடைசியில் பால் ஊற்றி வைத்திருக்கும் பால்குழியில் கால் வைத்ததும்தான் உயிர் திரும்பி வரும். அம்மனுக்காக அந்தச் சூட்டைத் தாங்குகிறோம் என்பதில் ஒரு பெருமை. தாங்க வேண்டியது இருந்ததால்தான் பெருமை.

ஓய்வு பெற்ற வருடம், விரதம் பிடித்து, காப்புக் கட்டி, மஞ்சள் வேட்டியோடு வரிசையில் நின்றேன். வீட்டில் உட்கார்ந்துவிட்ட மனுஷன் இறங்க மாட்டான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்ற ரோஷமும் உள்ளே இருந்தது. கரகம் எடுத்தவர் இறங்கினார். பின்னால் நான் முதல் அடியை வைத்தேன். ஒன்றும் தெரியவில்லை. அடுத்த அடி வைத்தேன். எங்கள் வீட்டு ஹாலில் நடக்கிற மாதிரி இருந்தது. நெருப்பின் அனல் முகத்தில் அடித்தது, முழங்காலில் அடித்தது, பாதத்தில் மட்டும் ஒன்றுமே இல்லை.

என் மனதில் என்ன ஓடியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளலாம். அம்மன் இறங்கி வந்து என் பாதத்துக்குக் கீழே கையை வைத்திருக்கிறாள் என்று நினைத்தேன். கண்ணீர் வந்தது. வேண்டுமென்றே நடையை மெதுவாக்கினேன். குழியின் நடுவில் நின்று கையைத் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டேன். கூட்டத்திலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. தொழிற்சாலையில் இத்தனை வருடம் உழைத்து ஒரு நாள்கூட அப்படி ஒரு சத்தத்தை நான் எனக்காகக் கேட்டதில்லை.

பால்குழியை விட்டு வெளியே வந்ததும் பூசாரி தன் கழுத்து மாலையைக் கழற்றி எனக்குப் போட்டார். பெண்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து என் காலில் விழ வைத்தார்கள். யாரோ எடுத்த வீடியோ அன்று மாலைக்குள் ஊரெல்லாம் சுற்றியது. பத்து பாகாட் ஊரில் இருக்கும் சின்னம்மா மகன் போன் போட்டு, "அண்ணே, உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு," என்றான். பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிற என் மகள், ஆபீசில் சீனப் பெண்கள்கூடப் பார்த்துவிட்டு வாயைப் பிளந்தார்கள் என்றாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. என் மனைவி மட்டும், "ரொம்ப மெதுவா நடந்தீங்க," என்றாள். அதையும் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சில நாள் கழித்து ஒரு காலையில் அவள் தரை துடைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் வீட்டில் வெள்ளை டைல்ஸ். அங்கங்கே பழுப்பாகக் கறை. முதலில் பூனையைத் திட்டினாள். பிறகு சாம்பலைக் கொட்டிவிட்டு மிதித்ததாக என்னைத் திட்டினாள். அப்புறம் அந்தக் கறை எங்கே போகிறது என்று குனிந்தபடியே பின்தொடர்ந்து வந்தாள். அது சமையலறையிலிருந்து ஹாலுக்கு வந்து, டிவியைச் சுற்றிக்கொண்டு, நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குக் கீழே வந்து நின்றது.

"கால தூக்குங்க," என்றாள்.

தூக்கினேன். வலது கால் கட்டைவிரலுக்கு அடியில் ஒரு கொப்புளம் வந்து, பழுத்து, உடைந்து, தோல் தொங்கிக்கொண்டிருந்ததாம். எனக்குத் தெரியாது. நான் அதன் மேலேயே கடைக்குப் போனேன், கோயிலுக்குப் போனேன், வாசலில் பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். என் மனைவி எதற்கும் பேசாமல் இருக்கிறவள் இல்லை. மழை பெய்தாலே மழையிடம் ரெண்டு வார்த்தை கேட்பாள். அன்றைக்கு அவள் ஒன்றும் பேசவில்லை. காரின் சாவியை எடுத்துக்கொண்டு வந்தாள். அதில்தான் எனக்கு முதல் பயம் வந்தது.

கிளினிக்கில் டாக்டர் ஒரு தமிழ்ப் பெண், என் மகள் வயது இருக்கும். புண்ணைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு சின்ன சோதனை என்றார். கையில் ஒரு மெல்லிய நைலான் இழை வைத்திருந்தார்.

"கண்ண மூடிக்குங்க அங்கிள். பாதத்துல நான் தொடும்போதெல்லாம் ஆமான்னு சொல்லுங்க. ஓகே?"

நான் எந்தச் சோதனையிலும் தோற்றுப் பழக்கமில்லாதவன். கண்ணை மூடிக்கொண்டு, கொஞ்சம் நேரம் விட்டு, "ஆமா," என்றேன். இன்னும் கொஞ்சம் விட்டு, "ஆமா," என்றேன். நிச்சயமான குரலில்தான் சொன்னேன்.

"அங்கிள்," என்றார் டாக்டர். "நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்ல."

என் மனைவி புடவைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டது கண்ணை மூடியிருந்தும் எனக்குத் தெரிந்தது. சரி, இனிமேல் ஏமாற்றக் கூடாது என்று முடிவு செய்து, மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு காத்திருந்தேன். வெகு நேரம் ஆகியும் ஒன்றும் நடக்கவில்லை. "எப்போமா ஆரம்பிக்கப் போறீங்க?" என்றேன்.

"முடிஞ்சிருச்சு அங்கிள்."

கண்ணைத் திறந்தேன். என் மனைவி இப்போது சிரிக்கவில்லை. டாக்டர் என் பாதத்தைத் தன் கையில் வைத்திருந்தார். அதுவும் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

இந்தச் சூட்டுப் புண் எப்படி வந்தது என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். வீடியோவையும் காட்டினேன். அவர் கடைசி வரைக்கும் பார்த்தார். பிறகு, இனிப்பு நீர் வெகு நாளாகக் கட்டுக்குள் இல்லாததால் பாத நரம்புகள் மரத்துப் போயிருக்கின்றன, அதனால்தான் சூடு தெரியவில்லை என்று மெதுவாக விளக்கினார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "அப்போ அம்மன் செஞ்சத வியாதின்னு சொல்றீங்களா? நான் எத்தன வருஷமா இறங்குறேன் தெரியுமா?"

"எங்க அம்மாவும் அந்தக் கோயிலுக்குத்தான் போவாங்க அங்கிள். சாமி விஷயத்துல நான் பேச வரல. இந்தக் காலப் பத்தித்தான் பேசுறேன். புண்ணு எலும்பு வரைக்கும் போச்சுன்னா வெரல எடுக்கணும். அதுக்கும் மேல ஏறுச்சுன்னா வெரலோட நிக்காது."

காரில் திரும்பும்போது மனைவிதான் ஓட்டினாள். நான் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். உண்மையைச் சொன்னால், விரல் போய்விடுமோ என்பது அப்போது எனக்குப் பெரிதாகப் படவில்லை. எனக்குக் கிடைத்த ஒரே ஒரு அற்புதத்தை ஒரு சின்னப் பெண் நைலான் நூலால் பிடுங்கிக்கொண்டு போய்விட்டாள் என்றுதான் வயிறு எரிந்தது.

"அப்போ அம்மன் எனக்கு ஒண்ணுமே செய்யலயா?" என்றேன், யாரிடம் என்று இல்லாமல்.

"ஏன் செய்யல? ஊரே பாக்க நெருப்புல நிக்க வெச்சு, உங்க காலு செத்துப் போச்சுன்னு காட்டிட்டாளே," என்றாள் என் மனைவி. "வேற எப்படிச் சொல்லணும்? வாயால சொன்னா கேக்குற ஆளா நீங்க?"

அம்மனைப் பற்றி அதைவிடச் சரியாக யாரும் எனக்குச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு பல வாரங்கள் கிளினிக்கின் கட்டுப் போடும் அறைதான் எனக்கு மாமாக் கடை. அங்கே ஒரு மலாய் மிசி இருந்தார். நர்சுகளை எங்கள் ஆட்கள் மிசி என்றுதான் கூப்பிடுவார்கள். செத்த சதையை அவர் கத்தரியால் வெட்டி எடுப்பார். முதல் நாள், வலிக்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து அவர் என்னைப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ பெருமூச்சு விட்டார். "வலிச்சா எனக்குச் சந்தோஷமா இருக்கும் பாக்சிக்," என்றார் மலாயில். பாக்சிக் என்றால் மாமா. கத்துகிற நோயாளியைத்தான் அவருக்குப் பிடிக்குமாம். பக்கத்து நாற்காலியில் ஒரு சீனக் கிழவர் கட்டை அவிழ்க்கும்போதே கூரை அதிரக் கத்துவார். அவரைப் பார்த்து நான் பொறாமைப்பட்டேன். என் வாழ்நாளில் வலிக்காகப் பொறாமைப்பட்டது அப்போதுதான்.

மிசி போட்ட முதல் சட்டம், இனிமேல் காக்கி ஆயாம் கூடவே கூடாது. வெறுங்காலோடு நடப்பதற்கு மலாயில் அப்படிப் பெயர். வீட்டுக்குள்ளும் கூடாது என்றார். இதைக் கேட்டதும் என் மனைவியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். எங்கள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வீட்டு வாசற்படியைச் செருப்பு தாண்டியதில்லை. தண்ணீர்க் குழாய் ரிப்பேர் செய்ய வந்தவன், மகளின் மேனேஜர், தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வந்தவர், எல்லாரும் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்திருக்கிறார்கள். வீட்டில் சாமி இருக்கிறது, இல்லையா.

ஒரு நாள் முழுக்க அவள் யோசித்தாள். மறுநாள் மகளிடம் சொல்லி சிங்கப்பூரிலிருந்து மெத்தென்ற செருப்பு ஒன்றை வரவழைத்தாள். அதை மஞ்சள் தண்ணீரால் துடைத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, "மன்னிச்சுக்கோ தாயே, டாக்டர் சொல்லிட்டாங்க," என்று ஒரு கும்பிடு போட்டு எனக்குக் கொடுத்தாள். முதல் தடவை செருப்போடு ஹாலில் நடந்தபோது எனக்கே திருடன் மாதிரி இருந்தது. பூஜை அறைக்கு மட்டும் தனிப் பாய். அதன் மேல் கட்டோடு நிற்பேன்.

இரண்டாவது சட்டம், தினமும் உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். என் தொப்பைக்கு அப்பால் அது எட்டாது. அதனால் மனைவி தன் முகக் கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்தாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அதன் மேல் பாதத்தைக் காட்டினேன். முதல் நாள் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். கட்டில்லாத இடது குதிகாலில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. தோட்டத்தில் செருப்பில்லாமல் பள்ளிக்கூடம் போன காலத்தில் ஏதோ குத்தியிருக்க வேண்டும். எப்போது என்று ஞாபகமில்லை. அந்த இடத்தைச் சுற்றித் தோல் காய்த்துப் போய், வெடித்து, மறுபடியும் காய்த்துப் போயிருந்தது. தொழிற்சாலையின் கனமான பூட்ஸ் அமுக்கியதில் சுண்டு விரல் பக்கத்து விரலுக்குக் கீழே ஒதுங்கிப் படுத்திருந்தது. இத்தனை வருடமாக அது அப்படியேதான் என்னோடு வேலைக்கு வந்திருக்கிறது.

எனக்கு அழுகை வந்தது. பெரியவர்கள் காலில் எத்தனையோ தடவை விழுந்திருக்கிறேன். சாமி பாதத்தில் பூப் போட்டிருக்கிறேன். என் சொந்தக் காலை ஒரு நாளும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டும் மனைவியைக் குனிய விடாமல் நானே அதை எட்டித் துடைத்து, மிசி சொன்ன கிரீமைத் தடவிவிட்டேன். விரல் இடுக்கில் தடவக் கூடாது என்பார், அதையும் கேட்டேன். பாதத்துக்கு என் கை தெரியவில்லை. கைக்குப் பாதம் தெரிந்தது. அது போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

பழக்கம் வருவதற்குள் கூத்துகளும் நடந்தன. ஷூவைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் போட வேண்டும் என்பது இன்னொரு சட்டம். ஒரு நாள் மறந்து, புண் இல்லாத காலில் ஷூவை மாட்டிக்கொண்டு, கட்டுப் போட்ட காலில் கிளினிக்கில் கொடுத்த பெரிய செருப்போடு கடைக்கும் கிளினிக்குக்கும் போய்வந்தேன். திரும்பி வந்து கழற்றினால் உள்ளேயிருந்து ஒரு சாவி விழுந்தது. பீரோச் சாவி. அதற்காக முந்தின நாள் பூராவும் நானும் மனைவியும் சண்டை போட்டிருந்தோம். "தேடுனது கெடைச்சிருச்சு," என்றேன். "உங்க மூளையையும் ஷூவுலயே தேடுங்க," என்றாள்.

தே தாரிக் போய், சீனி போடாத கோப்பி வந்தது. மாமாக் கடை மேசையில் நான் ஒதுக்கமாக உட்கார ஆரம்பித்தேன். மாத்திரையை நேரத்துக்குப் போட்டேன். நாற்காலியில் உட்கார்ந்தபடியே கை கால்களை நீட்டி மடக்கினேன். ஆச்சரியம் என்னவென்றால், காலைக் கவனிக்கப் போய் மற்றதெல்லாம் கண்ணில் பட ஆரம்பித்தது. குளிக்கிற தண்ணீரின் சூட்டைக் கையால் பார்க்கச் சொல்லியிருந்தார்கள். தினமும் கையை விட்டுப் பார்க்கும்போது, இந்தக் கைக்கு இன்னும் எல்லாம் தெரிகிறதே என்று சந்தோஷமாக இருக்கும். இடது முழங்கால் கட்டுப் போட்ட காலின் வேலையையும் சேர்த்துச் செய்தது. ராத்திரி படுக்கும்போது அதைத் தட்டிக் கொடுப்பேன். இதையெல்லாம் மனைவியிடம் சொல்லவில்லை. ஒரு நாள் பார்த்துவிட்டாள். "அப்பாடா, வீட்டுல யாரையாவது தட்டிக் குடுக்கக் கத்துக்கிட்டீங்களே," என்றாள்.

புண் ஆறியது. கடைசிக் கட்டை அவிழ்த்த அன்று மிசி என் கட்டைவிரலைப் பிடித்துக் குலுக்கி, "செலாமட் பாக்சிக்," என்று வாழ்த்தினார். விரல் தப்பித்துவிட்டது. போன உணர்ச்சி திரும்பி வராது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், இன்னொரு புண்ணை இந்தக் கால் தாங்காது என்று டாக்டர் கறாராகச் சொல்லி அனுப்பினார்.

அடுத்த தீமிதி நெருங்கியபோது கோயில் தலைவர் வீட்டுக்கு வந்தார். என் வயதுதான் அவருக்கும். "அண்ணே, போன வருஷம் வீடியோ பாத்துட்டு இந்த வருஷம் குளுவாங், மூவார்ல இருந்தெல்லாம் ஆளு வராங்க. கரகத்துக்கு அடுத்து நீங்கதான் லா," என்றார். எனக்குப் புண் வந்ததும் ஆறியதும் அவருக்குத் தெரியாது. வெளியே யாருக்கும் தெரியாது. கட்டைப் பார்த்துக் கேட்டவர்களிடம் சுளுக்கு என்று சொல்லி வைத்திருந்தேன். கூட்டத்தின் அந்தச் சத்தம் என் காதில் மறுபடியும் கேட்டது. என் வாய் முந்திக்கொண்டு, "சரி," என்றது.

அவர் போன பிறகு மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன். அவள் கத்தவில்லை. "அது உங்க காலு மட்டும்னு நெனச்சுக்கிட்டு இருக்கீங்க," என்றாள். "தெனமும் குனிஞ்சு குனிஞ்சு தொடச்சது யாரு? அதுல பாதி என்னுது." சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவள் அழுதாள் என்று நினைக்கிறேன்.

காப்புக் கட்டுகிற நாள் கோயிலுக்குப் போனேன். கட்டிக்கொள்ளப் போகிறேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. மனைவியும் வந்து பெண்கள் பக்கம் நின்றாள். மஞ்சள் வேட்டிகளின் வரிசை மண்டபத்தைச் சுற்றி வளைந்திருந்தது. எனக்கு முன்னால் நின்றவர் திரும்பிப் பார்த்து, சட்டென்று என் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நாற்பதைத் தாண்டிய ஆள், பாசிர் கூடாங் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுகிறவராம்.

"அண்ணே, உங்கள நேர்ல பாக்கத்தான் வந்தேன். எனக்கும் இனிப்பு நீருண்ணே. உங்களுக்கும் இருக்குன்னு சொன்னாங்க. அம்மன் உங்கள அப்படிக் காப்பாத்துனா என்னையும் காப்பாத்துவான்னு, விரதம் ஆரம்பிச்சதுல இருந்து மருந்தெல்லாம் நிறுத்திட்டேன். இந்த வருஷம் உங்க பின்னாடியே எறங்குறேன்."

அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். இவருக்கு அறுபது வயது ஆகவில்லை. வீட்டில் வெள்ளை டைல்ஸ் இருக்கிறதோ இல்லையோ, கறையைப் பின்தொடர்ந்து வர யாராவது இருக்கிறார்களோ இல்லையோ.

"அது அம்மன் இல்லப்பா," என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. வரிசை திரும்பிப் பார்த்தது. "எனக்குச் சூடு தெரியாம போனது வியாதிப்பா. காலு செத்துப் போச்சு. வெந்தது தெரியாம அது மேலேயே நடந்து, வெரல எடுக்க வேண்டிய நெலைமைக்குப் போய்ட்டு வந்தேன்."

தலைவர் வேகமாக வந்து, "அண்ணே, அப்புறம் பேசிக்கலாம் லா," என்று என் தோளை அழுத்தினார். நான் லாரிக்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டு வலது காலைத் தூக்கி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி உள்ளங்காலைக் காட்டினேன். போன வருடம் பிள்ளைகளை விழ வைத்த அதே கால். கட்டைவிரலுக்கு அடியில் தழும்பு கருப்பாக இருந்தது. பூசாரி மஞ்சள் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

என் தோளில் இருந்த தலைவரின் கை எடுபடவில்லை. தாழ்ந்த குரலில், "எனக்கும் இந்தக் காலு கொஞ்ச நாளா பஞ்சு மேல நிக்கிற மாதிரி இருக்குண்ணே. அம்மன் கிருபைன்னு நெனச்சேன்," என்றார். என் தோளைப் பிடித்தபடியே தன் காலைத் தூக்கிப் பார்க்க முயன்றார். அவருக்கும் தொப்பை. பின்னால் நின்றவர் குனிந்து, "ஒண்ணும் இல்ல தலைவரே, வெடிப்புதான்," என்றார். பிறகு அவரும் தன் காலைத் தூக்கினார். வரிசை முழுக்க ஆளுக்கு ஆள் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒற்றைக் காலில் தள்ளாடி, உள்ளங்காலைப் பார்க்க ஆரம்பித்தார்கள். பெண்கள் பக்கத்தில் யாரோ சிரித்துவிட்டார்கள். யார் என்று எனக்குத் தெரியும்.

லாரிக்காரர் மட்டும் காலைத் தூக்கவில்லை. முகம் வெளுத்து நின்றார். கையைப் பிடித்து இழுத்துப் படியில் உட்கார வைத்தேன். நானும் உட்கார்ந்து அவர் பாதத்தை எடுத்து என் மடியில் வைத்தேன். அவர் பதறிப்போனார். "ஐயோ அண்ணே, பெரியவரு நீங்க போயி என் காலத் தொடலாமா?"

"பேசாம இருப்பா."

பெரிய பாதம், நாள் முழுக்க மிதித்து மிதித்துக் காய்த்த பாதம். புண் எதுவும் இல்லை. குதிகாலிலிருந்து மேலே, பள்ளமான இடத்தில் என் ஆள்காட்டி விரலை வைத்து மெதுவாக இழுத்தேன். பாதம் வெடுக்கென்று துள்ளியது.

"விடுங்கண்ணே! கூசுது!"

மறுபடியும் இழுத்தேன். அந்த ஆள் படியில் நெளிந்து, சிரிப்பை அடக்க முடியாமல், "அண்ணே, அண்ணே, ரொம்பக் கூசுதுண்ணே," என்று கெஞ்சினார். எனக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. நாளைக்கே அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் காலை விடவும் எனக்கு மனமில்லை.